கல்லை அகற்றுங்கள்

பிள்ளைகளின் ஆசைகளை அடக்குவதே நல்ல வளர்ப்பு என்று எண்ணியிருந்தவன் நான். முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றியவனிடமிருந்து அத்தகைய எண்ணம் எளிதில் அகலாது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மகன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோதுதான் அது ஆட்டங்கண்டது.

ஒருநாள் மாலை என் பதின்மூன்று வயதுப் பேத்தி, "தாத்தா, நான் ஹிப் ஹாப் நடன வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்" என்றாள். "தெருவில் புரண்டு ஆடும் கூத்து குடும்பப் பெண்ணுக்கு அழகா?" என்று கடிந்துகொண்டேன். மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே சென்றான். அந்த மௌனத்தின் பொருள் எனக்கு மட்டுமே தெரியும். பதினைந்து வயதில் அவன் பங்குத் திருவிழாக் கலைநிகழ்ச்சியில் ஆடுவதற்காக நாள்தோறும் ஒத்திகை பார்த்து வந்தான். விழாவுக்கு முந்திய நாள் நான் தடுத்துவிட்டேன். அதன்பின் அவன் ஆடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை பேத்தியை வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாக ஒரு மூலையில் அமர்ந்தேன். பிள்ளைகள் வட்டமாக நின்றனர். ஒவ்வொருவராக நடுவே வந்து, தாமே அமைத்த அசைவுகளை ஆடிக் காட்டினர். ஒரு சிறுவன் தடுமாறி விழுந்தான். எவரும் நகைக்கவில்லை, கைத்தட்டல்தான் வலுத்தது. பிறர் ஆடியதை அப்படியே ஆடுவது அங்கே பெருமையன்று. தனக்கென ஒன்றைப் படைப்பதே பெருமை.

வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியர் இக்கலையின் கதையை எனக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பள்ளிக்குப் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க ஓர் இளம்பெண் விருந்து நடத்தினாள். அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் அங்கே இசைத்தட்டுகளைச் சுழலவிட்டான். பாட்டினிடையே தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டு இசைத்தட்டுக் கருவிகளைக் கொண்டு நீட்டி ஒலிக்கச் செய்வது அவனுடைய முறை. அந்தத் தாளத்துக்கு ஏழை இளைஞர் ஆடிய ஆட்டமே உலகெங்கும் பரவி, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் அரங்கையும் எட்டியது.

வடக்குப் பிலடெல்பியாவில் வளர்ந்த ரென்னி ஹாரிஸ் என்னும் கறுப்பின இளைஞர் பதினைந்து வயதிலேயே பிறருக்கு நடனம் கற்பிக்கத் தொடங்கினாராம். 1992இல் அவர் 'பியூர்மூவ்மென்ட்' என்னும் நடனக்குழுவை நிறுவினார். தெருவில் பிறந்த ஆட்டத்தை அரங்கில் ஏற்றுவதோடு, அதை முறையாகக் கற்பிப்பதும் அக்குழுவின் பணி. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையைத் தழுவி 2000இல் 'ரோம் அண்டு ஜூவல்ஸ்' என்னும் படைப்பை அரங்கேற்றினார். அதில் நாயகி மேடையில் தோன்றுவதே இல்லை. வன்முறையில் சிக்கிய இளைஞரின் வேதனையே அங்கு ஆடப்பட்டது. முன்னோடிக் கலைஞர்களை அழைத்து இளையோருக்குக் கற்பிக்கும் விழாவையும் அவர் தொடங்கினார்.

ஆசிரியர் இறுதியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. ஆல்வின் எய்லி நடனக்குழுவின் அறுபதாம் ஆண்டையொட்டி 2018இல் ஹாரிஸ் அமைத்த நடனத்தின் பெயர், 'லாசர்'!

அன்றிரவு பேத்தி அதன் சில பகுதிகளைக் கணினியில் காட்டினாள். முதற்பாகத்தில் நிறவெறியால் நசுங்கிய மக்களின் துயரம். பின்னர் துள்ளியெழும் கால்கள். என் மனம் பெத்தானியாவுக்குச் சென்றது. இறந்தவனை உயிர்ப்பிக்க வல்ல ஆண்டவர் கல்லறையின் கல்லைத் தாமே அகற்றவில்லை. சுற்றி நின்றவர்களிடமே அதைச் சொன்னார். உயிர்த்து வந்தவனின் கட்டுகளை அவிழ்க்கும் வேலையையும் அவர்களுக்கே விட்டார். என் மகனுக்குள் இறைவன் வைத்த கொடையின்மீது கல்லைப் புரட்டி வைத்தவன் நானல்லவா?

மகனிடம் சென்றேன். "தம்பி, அன்று உன்னைத் தடுத்தது என் தவறு" என்றேன். இருபத்தைந்து ஆண்டுகள் தாமதமான சொற்கள். "விடுங்கள் அப்பா" என்றான், குரல் தழுதழுத்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை மூவரும் வகுப்புக்குச் சென்றோம். பெற்றோரையும் வட்டத்துக்குள் அழைத்தார்கள். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் ஆடிய ஆட்டத்தில் நயம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவன் நான்தான்.

பெற்றோரே, நம் இல்லங்களில் எந்தக் கல்லை நாம் இன்னும் அகற்றாதிருக்கிறோம்?