கூர்மூக்கு ஷூவும் கோணல் விரலும்

இங்கிலாந்தை ஆண்ட நாலாம் எட்வர்டு மகாராஜாவுக்கு சிம்மாசனத் தொல்லை போதாதென்று செருப்புத் தொல்லையும் இருந்திருக்கிறது. 1463-ல் சட்டமே போட்டார். லார்டு அந்தஸ்துக்குக் கீழே இருக்கிற யாரும் இரண்டு அங்குலத்துக்கு மேல் மூக்கு நீட்டிய ஷூ போடக் கூடாது! லார்டுகள்? அவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம். எந்தக் காலத்திலும் சட்டம் அப்படித்தான் ஸார்.

அந்த ஷூவுக்கு 'பூலேன்' என்று பெயர். போலந்து நாட்டை வைத்து வந்த பெயர். முனை பச்சை மிளகாய் மாதிரி நீண்டிருக்கும். துவண்டு விடாமல் இருக்க உள்ளே பாசியை அடைத்து வைப்பார்களாம். மிளகாய்க்குள் விரல்கள் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் விரல்களைக் கேட்கவில்லை.

ஐந்நூறு அறுநூறு வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைத்த 177 எலும்புக்கூடுகளின் பாதங்களைப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். தேடியது ஒரே கோளாறைத்தான். கட்டை விரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொள்ளும். இங்கிலீஷில் பனியன் என்கிறார்கள். (சட்டைக்குள் போடுகிற சமாசாரம் இல்லை!)

நான் பி.காம். சதவீதத்தைப் பார்த்தால் பென்சிலை எடுத்து விடுவேன். 11-லிருந்து 13-ம் நூற்றாண்டு வரை செத்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் இந்தக் கோணல். கூர்மூக்கு ஃபாஷன் வந்த 14, 15-ம் நூற்றாண்டுகளில் 27 சதவீதம்! கிராமத்துக் கல்லறையில் வெறும் 3. ஏழைத் தொழிலாளிகள் புதைக்கப்பட்ட இடத்தில் 10. பணக்காரர்களும் துறவிகளும் அடக்கமான மடத்தில் 43! பாதிரியார்கள் கூர்மூக்கு ஷூ போடக் கூடாதென்று 1215-லேயே திருச்சபை தடை போட்டிருந்தது. ஆனாலும் இடுப்பு பெல்ட் கொக்கியை வைத்து மடத்துச் சாமியார்கள் என்று அடையாளம் கண்ட 11 பேரில் 5 பேருக்கு விரல் கோணல். தடையை எவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்தார்கள், பாருங்கள்.

இதோடு போயிருந்தால் சிரித்து விட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அடுத்த வரியில்தான் நின்று விட்டேன். 45 வயதுக்கு மேல் இறந்தவர்களில், விரல் கோணியவர்களுக்குக் கீழே விழுந்ததால் வரும் எலும்பு முறிவு அதிகம். அதிலும் கையில். முன்பக்கமாகச் சரியும்போது கையைத்தானே ஊன்றுவோம்?

எங்க அக்காவுக்கு வயது 47. தனியார் ஆபீஸ் ஒன்றில் இருபது வருஷமாக வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். கூர்மூக்கு, குதி உயர்ந்த ஷூ அங்கே கட்டாயம். வலது கட்டை விரல் எப்பவோ சாய்ந்து விட்டது. போன மார்கழியில் சமதரையில் விழுந்தாள். ஊன்றிய இடது மணிக்கட்டு உடைந்தது.

"நடக்கும்போது கடைசியா தரையைத் தள்ளி விடறது கட்டை விரல்தாம்மா. அது சாஞ்சா பேலன்ஸ் போயிடும்" என்றார் டாக்டர். பரம்பரையாகவும் இந்தக் கோணல் வரும் என்பதையும் சொன்னார். எல்லாப் பழியையும் ஷூ தலையில் கட்ட முடியாதுதான். ஆனால் ஒரே ஊரில் 6 சதவீதம் 27 ஆனதற்குப் பரம்பரை மட்டும் காரணம் என்றால், எந்த ஆடிட்டரும் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

அக்காவிடம் எலும்புக்கூட்டுக் கதையைச் சொன்னேன்.

"அவங்களை யாருடா போடச் சொன்னாங்க?"

"யாரும் இல்லக்கா. கூடாதுன்னுதான் சொன்னாங்க."

"குடுத்து வெச்சவங்க" என்றாள்.

தட்டைச் செருப்புக்கு அனுமதி கேட்டு, டாக்டர் சீட்டையும் இணைத்து, ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. திங்கட்கிழமை லீவு முடிகிறது. வலது கையில் பையும் காலில் அகலச் செருப்புமாகப் போய் நிற்கப் போகிறாளாம்.