நோகவில்லை என்றால் நல்லம் என்று விட்டுவிடாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் சீனி வருத்தமுள்ள உம்மாவோ வாப்பாவோ மாமியோ இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் சாச்சா உக்குவளைப் பக்கம் மிளகுத் தோட்டம் பார்ப்பவர். சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடம். போன வருடம் ஒரு நாள் செருப்பைத் துளைத்த சிறிய ஆணி பாதத்திலும் ஏறி, அந்த ஆணியோடேயே பொழுது சாயும் வரை நடந்திருக்கிறார். பாயில் இரத்தத்தைக் கண்டு சாச்சிதான் பார்த்தார். நாங்கள் ஓடிப் போய்க் கேட்டபோது, "ஒன்டும் நோவல்ல புள்ளைகள், பயப்படாதீங்க" என்றார். எங்களுக்குப் பயம் வந்ததே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். புண் பழுத்து, மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆணி ஏறியும் ஏன் நோகவில்லை? இரத்தத்தில் சீனி கூடி நிற்கும்போது நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால் விரல் வரை போகின்றவை. அதனால் முதலில் அடிபடுவதும் விரல்கள்தான். எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல, இரவில் நெருப்பாய் எரிவது போல இருக்கும். போர்வை பட்டாலும் தாங்காது. சிலருக்குப் பிறகு அந்த நோவு தானாகவே குறையும். "எண்ணெய் பூசினேன், சுகமாயிற்று" என்று நாங்களும் சந்தோஷப்படுவோம். பல நேரம் அது சுகமல்ல, உணர்ச்சியே செத்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. 2018, 2019இல் நாடு முழுவதும் செய்த ஆய்வொன்றில் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் எல்லா விறைப்பும் சீனி வருத்தமல்ல. அத்தஹிய்யாத் இருப்பில் கால் விறைப்பது நரம்பு நசிவதால். எழுந்து நடந்தால் சில நிமிடத்தில் போய்விடும். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் நோவது, நாள் முழுக்க நின்று படிப்பிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வழமை. பாதத்தின் அடியில் உள்ள தசைநார்தான் பெரும்பாலும் காரணம். மெத்தென்ற செருப்பும் கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சியும் உதவும்.

சிலதுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு கால் திடீரென்று கடுமையாக நொந்து, குளிர்ந்து, வெளிறிப் போனால் இரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். சில மணித்தியாலங்களுக்குள் காலே போய்விடும். ஒரு பக்கக் கை கால் திடீரென்று விறைத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். முதுகு நோவோடு இரண்டு காலும் விறைத்து, சிறுநீர் போகாமல் நின்றாலும் அவசரம்தான். பாதம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. எண்ணெய் தேய்க்க அது நேரமல்ல. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

விறைத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். உம்ரா, ஹஜ் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். அந்த வெயிலில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்த சீனி நோயாளிகள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாளைக்கு ஐந்து நேரம் வுழூ. கால் விரல்களுக்கு இடையில் விரல் விட்டுக் கோதிக் கழுவுவது சுன்னத். அப்படிக் கழுவும்போதே ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, ஈரப்புண் ஏதும் உண்டா? கழுவிய பிறகு விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடையுங்கள், அந்த ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த தோலுக்குக் கிறீம் பூசலாம், விரலிடுக்கில் பூசாதீர்கள். உள்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள்.

கிளினிக் போனால் சீனியை மட்டும் பார்த்துவிட்டு வராமல், "டொக்டர், காலையும் பாருங்க" என்று கேளுங்கள். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நோவோ ஊசியோ கிடையாது. வருடத்துக்கு ஒரு தரமாவது செய்ய வேண்டும். மெட்ஃபோமின் பல வருடம் குடிக்கிறவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் கால் விறைக்கலாம், அதையும் கேளுங்கள். எரிவுக்கு மருந்து உண்டு. பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிக் குடிக்க வேண்டாம். சிகரட் குடிக்கிறவர்கள் விட்டுவிடுங்கள், அது காலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும்.

இதில் கஷ்டமானது மருந்தல்ல. எங்கள் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு முன்னால் காலை நீட்ட வெட்கம். வேலைக்குப் போகிற மகனுக்கும் மருமகளுக்கும் தொந்தரவு என்று எண்ணம். நோவும் இல்லாதபோது சொல்வதற்குக் காரணமே இல்லை. அதனால் அவர்கள் சொல்லும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது.

இன்று இஷாவுக்குப் பிறகு ஃபோனை வைத்துவிட்டு, உம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஃபோனின் டோர்ச் மட்டும் போதும். விரல்களுக்கு இடையிலும் பாருங்கள்.