பெயர் பொறித்த சங்கிலி

பெருநாள் நெருங்கினால் எங்கள் மாணவிகள் சிலர் ஒரு துண்டுக் கடதாசியோடு வருவர். "ஹஸரத், என் பெயரை அரபியில் எழுதித் தாருங்கள். பென்டன் செய்யக் கொடுக்க வேண்டும்."

எழுதிக் கொடுத்து இரண்டு விடயங்கள் சொல்வேன். அரபெழுத்து வலமிருந்து இடமாகச் சேர்ந்து செல்வது. தனித்தனியாக வெட்டி ஒட்டினால் பெயராகாது. அடுத்தது புள்ளி. தங்கத்தில் புள்ளி அந்தரத்தில் நிற்காது. எழுத்தோடு ஒட்டித்தான் செய்ய வேண்டும். சிரமமென்று தட்டார் அதை விட்டுவிட்டால், ஜமீலாவின் 'ஜீம்' 'ஹா' ஆகிவிடும். 'அழகி' என்ற பொருளும் போய்விடும்.

இப்போது இரண்டு மூன்று சங்கிலிகளைச் சேர்த்து அணிவது வழக்கமாகியுள்ளது. வீட்டாருக்கு முன் அணிந்து மகிழ்வதில் குற்றமில்லை. ஆனால் நீளம் சமமாக இருந்தால் அவை ஒன்றோடொன்று சிக்கும், பெயரும் மறையும். பெயர்ச் சங்கிலி குட்டையாக, மற்றவற்றுக்கு மேலே இருப்பதே நல்லது.

பெயர் பொறித்த அணிகலன் நமக்குப் புதிதல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. எனவே வெள்ளி மோதிரம் செய்வித்து, 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' என்று 3 வரிகளில் பொறிக்கச் செய்தார்கள். பின்னர் அது அபூபக்ர், உமர், உஸ்மான் (ரழி) ஆகியோரிடம் இருந்தது. உஸ்மான் (ரழி) காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தது. 3 நாட்கள் தேடியும் கிடைக்கவில்லை.

அந்த மோதிரத்துப் பெயர், எழுதிய சொல்லுக்குப் பொறுப்பேற்றது. கழுத்தில் பெயர் அணியும் நம் பிள்ளையும் தன் வாக்குக்கு அவ்வாறே பொறுப்பாக இருந்தால், அதைவிட அழகான நகை ஏது?