நடுத்திட்டில் கற்ற பாடம்

தஞ்சையிலிருந்து திருவாரூர் வழியாகக் கீழ்த்திசை நோக்கிச் செல்லும் சாலையில், நாகப்பட்டினத்தை நெருங்கும்போதே கடற்காற்று முகத்தில் வீசும். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வேளாங்கண்ணி. 1962-ஆம் ஆண்டு திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் பேராலயமாக உயர்த்திய அன்னையின் ஆலயம், வெண்ணிறக் கோபுரங்களோடு தொலைவிலேயே தென்படும்.

இம்முறை நாங்கள் சென்றது நன்றி செலுத்துவதற்காக. எங்கள் தமையனாருக்குச் சிறுமூளையின் இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்டு இரண்டு ஆண்டுகள் ஆயின. கை கால் விழவில்லை. ஆனால் எழுந்து நின்றால் தள்ளாடினார். "அண்ணன் நடந்துவிட்டால் உம் சந்நிதிக்கு அழைத்து வருகிறோம், தாயே" என்று நேர்ந்துகொண்டோம். இப்போது கோலின்றி நடக்கிறார். திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்துச் சனவரியில் புறப்பட்டோம்.

பல்லாண்டுகள் எங்கள் பங்கின் திருயாத்திரையை நடத்தியவர் அவரே. பேருந்து, அறை, அரிசி மூட்டை, யாருக்கு எந்த இருக்கை என்பதெல்லாம் அவர் மனத்தில் ஒழுங்காய் இருக்கும். ஆதலின் பழைய வழக்கப்படி அவரிடமே பொறுப்பை விட்டோம். "அண்ணா, திருப்பலி நேரம் கேட்டுக்கொண்டு, மெழுகுதிரியும் மாலையும் வாங்கி, அப்படியே சிற்றுண்டிக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்."

ஒரு மணி நேரமாகியும் அவர் திரும்பவில்லை. தேடிச் சென்றபோது, மெழுகுதிரிக் கடை ஒன்றின் முன் பணப்பையைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார். கடைக்காரர் ஒருபுறம் விலை சொல்ல, மறுபுறம் ஒலிபெருக்கி முழங்க, நடுவே திகைத்து நின்ற அவர் எதையும் வாங்கவில்லை, எவரையும் கேட்கவுமில்லை. "கால் நன்றாய்த்தானே இருக்கிறது? சற்று மனம் வைத்தால் ஆகாதா?" என்று கடிந்துகொண்டோம். "எல்லாம் தெரிகிறது. எதை முதலில் செய்வது என்பதுதான் பிடிபடவில்லை" என்றார் மெல்ல.

அன்று மாலை நடுத்திட்டில் செபித்தோம். மோர் விற்ற, கால் ஊனமுற்ற சிறுவனுக்கு அன்னை காட்சியளித்ததாக மரபு கூறும் இடம் அது. அவனை நடக்கச் செய்த அன்னை, நாகப்பட்டினத்துக்குச் செய்தி கொண்டுபோகும் பணியையும் ஒப்படைத்தார். அவன் ஓடிச்சென்று சொன்னான். நாங்கள் வேண்டியதோ கால்களை மட்டுமே. ஓர் அலுவலை ஏற்று, வரிசைப்படுத்தி, முடித்துத் திரும்புவதற்கும் வலிமை வேண்டும் என்பதை எண்ணவேயில்லை.

மருத்துவர் முன்பு விளக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிடரிக்கு மேலுள்ள சிறுமூளை, முழு மூளையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆயினும் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை அதில்தான் உள்ளன. உடலின் சமநிலையையும் அசைவையும் மட்டுமே அது காக்கிறது என நெடுங்காலம் பலரும் கருதினர். 1998-இல் பாஸ்டன் நகரின் ஷ்மாமன், ஷெர்மன் என்னும் ஆய்வாளர்கள், சிறுமூளையில் மட்டும் நோயுற்ற 20 பேரை ஆராய்ந்து, திட்டமிடுவதிலும், ஓர் எண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதிலும் அவர்கள் இடர்ப்படுவதை எடுத்துக்காட்டினர். எங்கள் தமையனாரிடம் சோம்பல் என நாங்கள் கண்டது நோயே.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்டோம். அவர் தம் பழைய யாத்திரைக் குறிப்பேட்டை எடுத்தார். ஒரு வரிக்கு ஒரு வேலையாக மூன்றை நாங்கள் சொல்ல, அவரே எழுதினார். பின், "அறைக்குத் திரும்புதல்" என நான்காவதையும் தாமே சேர்த்துச் சிரித்தார். கடைத்தெரு அமைதியாயிருந்த அவ்வேளையில் தனியே சென்று, ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே முடித்து, மெழுகுதிரியும் மாலையுமாய் வந்தார். மீதிச் சில்லறையை மட்டும் மறந்திருந்தார்! பின்பு மாதா குளத்துக்குச் செல்லும் மணற்பாதையில், முழந்தாளில் நகரும் பக்தர்களுக்கு வழிவிட்டு, அவர் நடையின் வேகத்திலேயே நாங்களும் நடந்தோம்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்திலும் இத்தகையோர் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்லுங்கள், எழுதிக்கொள்ளச் செய்யுங்கள், களைத்தால் ஓய்வு கொடுங்கள், இருவர் ஒருங்கே பேசாதீர்கள். எவருக்கேனும் திடீரெனக் கடுந்தலைச்சுற்றலும் வாந்தியும் தள்ளாட்டமும் கண்டால், பித்தம் என்றிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடக்கிறவர் முற்றும் நலமடைந்துவிட்டார் என்று அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள். நாங்கள் அப்படித் தீர்ப்பிட்டவர்கள்.