பூட்டியின் பெயர்

ஆடி அமாவாசையன்று விடியுமுன்பே கம்பத்திலிருந்து சுருளிக்குக் கிளம்பிவிட்டோம். சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் இன்னும் இருட்டுக்குள் கிடந்தன. கூட வந்தவர் என் பெங்களூரு நண்பர். மார்மன் என்று பலரும் சொல்கிற, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காரர். நான் அப்பாவுக்குத் திதி கொடுப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தார்.

அருவிக்கரையில் உட்கார இடமில்லை. எள்ளும் தர்ப்பையும் பிண்டமுமாகக் கூட்டம்.

"செத்தவங்களுக்காக நாங்களும் தண்ணியிலதாண்ணே இறங்குவோம்" என்றார்.

அவர்கள் ஆலயத்தில் பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டி ஒன்று இருக்கும். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர் அதில் மூழ்கி ஞானஸ்நானம் பெறுவார். பெங்களூருவில் அப்படியோர் ஆலயத்துக்கு 2020 டிசம்பரில் வேலை தொடங்கினார்கள்.

இந்தச் சடங்கின் அடியில் ஒரு தம்பியின் துக்கம் இருக்கிறது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் 1823-ல், 25 வயதில் இறந்துபோனார். எந்தச் சபையிலும் சேராதவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்பதுபோல அடக்கத்தின்போது போதகர் பேசினாராம். 1836-ல் அதே அண்ணனைப் பரலோகத்தின் உயர்ந்த நிலையில் தரிசனத்தில் கண்டதாக ஜோசப் சொன்னார். இறந்தோருக்கான ஞானஸ்நானத்தை 1840-ல் போதித்தார்.

அதை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவர் விருப்பம். மறுத்தாலும் முடிவில்லாத இருள் வெகு சிலருக்குத்தான். மற்றவர்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம்போல ஒளியில் வேறுபட்ட மூன்று மகிமைகளில் ஒன்று உண்டு. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்களையும் இப்படிச் சொல்லி மூழ்கியது தெரிந்து யூதர்கள் கொதித்தார்கள். நிறுத்துவதாக 1995-ல் சபை ஒப்புக்கொண்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும், இயேசுவைப் பற்றிக் கேள்வியே படாமல் செத்துப்போனவர்களை எப்படி விடுவது என்ற அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது.

ஐயர் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா, தாத்தா, பூட்டன் வரை சொல்லிவிட்டேன். "பூட்டி பேரு?" என்றதும் வாய் அடைத்துவிட்டது. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். சின்னமனூர் அத்தைக்குப் போன் போட்டேன்.

"அவுக பேரா? எல்லாரும் கூடலூர்க்காரின்னுதாம்ப்பா கூப்பிடுவாக. வேற பேரு நானே கேட்டதில்ல."

ஐயரிடம் சொன்னேன். தலையாட்டினார். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு என்னருகே நின்றுகொண்டார். கூடலூர்க்காரி என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன்.