டெய்லரக்கா மெஷினில் ஒரு முட்டாள் கீறல்

மணலி புதுநகரில் அந்தத் தெருவுக்குள் போய் 'டெய்லரக்கா வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கை காட்டும். வாசலை ஒட்டிய முன்னறையில் கறுப்பு நிற உஷா தையல் மெஷின். உடம்பெல்லாம் தங்க நிறப் பூவேலை. வலது பக்கம் வீலுக்குக் கிட்டே அந்தப் பூவேலையை அறுத்துக்கொண்டு ஒரு கீறல். அரை விரல் நீளம், பிறை மாதிரி வளைந்திருக்கும்.

கீறலுக்கு வயது 26. அம்மா வீட்டுச் சீராக வந்த மெஷின் அது. கல்யாணமான மூன்றாம் மாதம் வீல் இறுக்கமாகச் சுற்றுகிறது என்று அக்கா சொல்ல, புது மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். மணலி கம்பெனிகளில் ஷட்டவுன் வேலைக்குப் போகும் ஃபிட்டர். மூன்றடி அகல பைப்பையே கழற்றி மாட்டுகிறவருக்கு இது எம்மாத்திரம்? ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. சர்ரென்று ஒரு கோடு. கழற்றியதை மாட்டியபோது வீல் சுற்றியது, ஊசி இறங்கவில்லை. கடைசியில் சைக்கிளில் வரும் மெக்கானிக்தான் சரிசெய்தார்.

அன்றைக்கு டெய்லரக்கா சண்டை போடவில்லை. "இனிமே என் மெஷின்ல கை வைக்காதீங்க" என்றார், அவ்வளவுதான். ஃபிட்டரும் வைக்கவில்லை. கேஸ் ரெகுலேட்டர், மிக்ஸி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் பார்ப்பார். மனைவியின் மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விட்டதில்லை. சிரித்துப் பேசும் குடும்பம்தான். ஆனால் அந்த மெஷின் மட்டும் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரி நின்றது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் முன்னறையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தலையை மட்டும் கழற்றி பீரோ மேல் ஏற்றிவிட்டார்கள். மூழ்கவில்லை என்றாலும் நாள் கணக்கில் ஈரக்காற்று. மெல்ல மெல்ல வீலுக்குள் துரு ஏறியது. இரண்டு வருடம் எப்படியோ ஓட்டினார் அக்கா. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீல் அசையவே இல்லை. மடித்து வைத்த ஜாக்கெட் துணி மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. மெக்கானிக்கோ ஊருக்குப் போய்விட்டார். போனை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஐ.டி.ஐ. இரண்டாம் வருடம் படிக்கும் மகன் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். மொபைல் கேமில் அவன் எடுத்துச் சுடும் அதே 1911 பிஸ்டலை ஒருவர் பிரித்து மாட்டுகிறார்.

"நைனா, இதப் பாரேன். இதுக்குப் பேரே முட்டாள் கீறலாம்!"

ஜான் பிரவுனிங் வடிவமைத்த அந்தக் கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டு உலகப்போர், கொரியா, வியட்நாம் எல்லாம் பார்த்துவிட்டு, 1985-ல்தான் பெரெட்டாவுக்கு இடம்விட்டது. எழுபது வருடத்துக்கும் மேல் ஓடிய அந்த ஆயுதத்துக்கு ஒரு சின்னத் தலைவலி உண்டு. சுத்தம்செய்யப் பிரித்து மாட்டும்போது, 'ஸ்லைடு ஸ்டாப்' என்கிற பாகத்தின் பின்னை பக்கவாட்டில் நுழைக்க வேண்டும். அது பாதி போனதும் ஸ்பிரிங் வைத்த குட்டி ஊசி ஒன்று வழிமறிக்கும். புதிதாக மாட்டுகிறவர் பொறுமையிழந்து அழுத்தி மேலே திருப்புவார். பாகத்தின் முனை துப்பாக்கியின் இடது பக்கத்தில் வளைவாக ஒரு கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் முட்டாள் கீறல் என்று பெயர். எத்தனை பேர் போட்டிருந்தால் பெயரே நிலைத்திருக்கும் பாருங்கள்!

வைத்தியம் ரொம்பச் சின்னது. அந்தக் குட்டி ஊசி முட்டும் ஓரத்தை மட்டும் கொஞ்சம் சரிவாக்கி வழவழப்பாக்கிவிட்டால், பாகம் உள்ளே போகும்போது ஊசி தானாகப் பின்வாங்கும். திருப்பி நெம்ப வேண்டியதில்லை. அதுவும் வேண்டாம் என்பவர்கள் கீறல் விழும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டு மாட்டுகிறார்கள். அது அமெரிக்கக் கதை. நம் ஊரில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். மகனுக்கும் கேமில் வருவதைத் தவிர வேறு துப்பாக்கி தெரியாது.

ஃபிட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "டேய், இது சேம்ஃபர்டா. உங்க வாத்தியார் முதல் மாசமே சொல்லிக் குடுத்திருப்பாரே. ஓட்டையில பின் நொழையணும்னா கூர் விளிம்பா இருக்கக் கூடாது. கொஞ்சம் ஓரத்த ஒடைச்சி வுட்டா அதுவா போய் உக்காரும்."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "இன்னாது, முட்டாள் கீறலா? நம்மூட்லயே ஒண்ணு இருக்குதே."

ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு மகன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் ஃபிட்டர். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். துணி மூட்டையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"பாக்குறீங்களா?"

26 வருடம் கழித்துக் கிடைத்த அனுமதி. ஃபிட்டர் எழுந்து போய் முதலில் எடுத்து வந்தது ஸ்க்ரூ டிரைவரை அல்ல, மாஸ்கிங் டேப்பை. வீலைச் சுற்றியுள்ள பூவேலை முழுக்க இரண்டு மடிப்பாக டேப் ஒட்டினார். பழைய கீறலும் அதற்குள் மறைந்தது. அடுத்து ஸ்க்ரூ டிரைவரின் முனையை அரத்தில் ராவினார். ஸ்க்ரூவின் வெட்டுக்குள் முனை ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால்தான் வழுக்கும். "அன்னிக்கி வழுக்குனது கையில்ல, டூலு" என்றார். அக்கா உதட்டைச் சுழித்தார்.

வீலின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி இறங்காமலிருக்க அதைத்தான் தளர்த்துவார்கள். குமிழின் முகத்தில் பொடி ஸ்க்ரூ ஒன்று. அதைக் கழற்றிக் குமிழைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு வாஷர். வெளிப்பக்கம் மூன்று காது, உள்பக்கம் இரண்டு பல். அன்றைக்குத் தலைவலி கொடுத்தது இந்த வாஷர்தான். உள்பற்கள் தண்டின் வெட்டில் இரண்டு விதமாகவும் உட்காரும். அரைச் சுற்று மாறி உட்கார்ந்துவிட்டால், குமிழ் முழுசாக இறுகுவதற்கு முன்பே அந்தப் பொடி ஸ்க்ரூ வாஷரின் காதில் இடித்து நின்றுவிடும். வீல் மட்டும் சும்மா சுற்றும், ஊசி அசையாது. விஷயம் தெரிந்தவர் வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். தெரியாதவர் மெஷினையே சந்தேகப்படுவார்.

வாஷரை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஃபிட்டர் ஒரு காரியம் செய்தார். சென்டர் பஞ்சை வைத்து வாஷரின் ஒரு ஓரத்தில் மெதுவாக ஒரு புள்ளி. அதற்கு நேரே தண்டின் விளிம்பில் இன்னொரு புள்ளி. இதைத்தான் ஷட்டவுன் வேலையில் மேட்ச் மார்க் என்பார்கள். நூறு ஃபிளாஞ்சு கழற்றினாலும் எது எதோடு சேரும் என்று குழம்பாது. "தெனம் செய்யிற வேல. அன்னிக்கி ஊட்ல செய்யணும்னு தோணல பாரு" என்றார் மகனிடம். அக்காவுக்கும் கேட்கட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

வீல் லேசில் வரவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்தார்கள். மகனுக்குப் பொறுமையில்லை. "சுத்தியால ஒண்ணு போடு நைனா" என்றான். போட்டால் வார்ப்பிரும்பு வீல் விரிந்துபோகும், தட்டக் கூடாது. துணியைச் சுற்றி இரண்டு கையாலும் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்தார். தண்டில் செம்மண் போல துரு. நைஸ் எமரி பேப்பரில் துடைத்தார். வாஷரின் ஓரங்களில் விரலை வைத்துப் பார்த்தார். பிசிறு தட்டிய இடத்தை இரண்டு இழுப்பில் வழவழப்பாக்கினார். அதற்கு மேல் அரத்தை அனுமதிக்கவில்லை. ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாதே.

மாட்டும் வேலையை மகனிடம் விட்டார். புள்ளிக்கு நேர் புள்ளி. மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. குமிழை இறுக்கி, பொடி ஸ்க்ரூவையும் போட்டாயிற்று. அக்கா வந்து உட்கார்ந்தார். முதலில் குமிழைத் தளர்த்தி மிதித்தார், ஊசி நின்றது. இறுக்கி மிதித்தார், ஊசி இறங்கியது. பழைய துணி ஒன்றை வைத்து ஒரு தையல் ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையிலிருந்து முதல் ஜாக்கெட்டை எடுத்தார்.

டேப்பைப் பிரிக்கும்போது புதுக்கீறல் ஒன்றுமில்லை. பழையது மட்டும் அதே இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. கடையில் தங்க நிற பெயின்ட் கிடைக்கிறது, தொட்டு வைத்தால் மறைந்துவிடும் என்றான் மகன்.

"அது இருக்கட்டும்டா" என்றார் அக்கா, மெஷினை நிறுத்தாமல். "அந்த எண்ணெய் டப்பாவ மட்டும் இனிமே உங்க நைனாகிட்ட குடுத்துடு. மாசத்துக்கு ஒருவாட்டி அவரே வுடட்டும்."