அகற்றிய பம்பைத் தேடும் கணினி



2000 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட இ46 வகை பி.எம்.டபிள்யூ எம்3 கார்கள் பலவற்றில் எஸ்.எம்.ஜி என்னும் கியர் முறை இருந்தது. அதில் கிளட்ச் பெடல் கிடையாது. எண்ணெய் அழுத்தம் தரும் பம்பின் விசையே கிளட்சை இயக்கி, கியரையும் மாற்றும். அதைக் கழற்றிவிட்டு, கையால் கியர் மாற்றும் முறையைப் பொருத்திக்கொள்வோர் உண்டு. (போதகருக்கு இந்தக் காரோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள், பார்ப்பதற்குக் காசில்லை.)

உள்ளிருக்கும் ஆறு கியர்ப் பெட்டி அடிப்படையில் ஒன்றே. பம்பு போகும், பெடலும் லிவரும் வரும். ஆயினும் என்ஜினை ஆளும் கணினிக்கு இது தெரியாது. அகற்றப்பட்டதையே தேடி எச்சரிக்கை விளக்கை எரியவிடும். வெளியிலிருந்து ஒருவர் அதன் நிரலைத் திருத்தி எழுதவேண்டும்.

ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் மனம் புதிதாகி மறுரூபமாவதைப் பற்றி எழுதுவது ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்கே. கிரேக்க மூலத்தில் அந்த வினை நிகழ்காலக் கட்டளை. தொடர்ந்து நடைபெறுவதைக் குறிக்கிறது. அதுவும் செயப்பாட்டு வினை. நம்மில் மற்றொருவர் செய்வது.

குடியை விட்டு மூன்று மாதமான சகோதரர் மாலை ஆறு மணிக்குத் தவித்தால், அவர் மெய்யாய் மனந்திரும்பவில்லை என்று சபையில் சிலர் தீர்த்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த மனவேதனை. விளக்கு எரிகிறதென்று பழைய பம்பை எவரும் திரும்பப் பொருத்துவதில்லை. அப்படிப்பட்டவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த வாரம் ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குச் சென்று சற்று நேரம் உடனிருங்கள்.